உள்ளே இருப்பவற்றை எண்ணிய பத்து நாட்கள்

முத்தியால்பேட்டை என்றுதான் சொன்னேன். டெம்போக்காரர் காதில் முதலியார்பேட்டை என்று விழுந்திருக்கிறது. ஒன்று புதுச்சேரிக்கு வடக்கே, மற்றொன்று தெற்கே. அது தெரியாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொடுத்த கொய்யாப்பழத்தைத் தின்றபடி, ஊர் முழுவதையும் கடந்து நேர் எதிர்க்கோடியில் போய் இறங்கினேன்.

மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் முகவரியைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது முத்தியால்பேட்டம்மா. நீங்க நிக்கிறது முதலியார்பேட்ட. எங்கேர்ந்து வர்றீங்க?"

"மலேசியாவிலிருந்து."

"அவ்ளோ தூரம் கரெக்ட்டா வந்துட்டு, இங்க வந்து மாறிப் பூட்டீங்களே!"

திரும்பும்போது அதே டெம்போதான் கிடைத்தது. ஓட்டுநர் என்னை முன்னால் உட்காரவைத்து, ஏறுகிறவர்களிடமெல்லாம், "மலேசியாலேர்ந்து வந்து முதலியார்பேட்டய சுத்திப் பாத்துட்டுப் போறாங்க" என்று அறிமுகம் செய்துகொண்டே வந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்தில் யாரும் யாருடனும் பேசுவதில்லை. இங்கே பத்து நிமிடத்தில் என் வயது, எனக்கு எத்தனை பிள்ளைகள், முழங்கால் வலிக்கு என்ன தடவுகிறேன் என்பதெல்லாம் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

வயது ஐம்பத்து நான்கு. பெயர் இந்திராணி. கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரில், ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் ரத்தத்தையும் சீழையும் கண்ணாடித் தட்டில் வளர்த்து, இன்ன கிருமி என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எங்கள் ஊரைச் சுற்றிலும் நெல்வயல். அந்தச் சேற்றில் வாழும் ஒரு கிருமி, காலில் சின்னக் கீறல் இருந்தாலும் மழைக்காலத்தில் உடம்புக்குள் புகுந்துவிடும். அது தரும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் அதிகமாகப் பிடிக்கும். சிலருக்கு வெறும் காய்ச்சலாக வரும், சிலருக்கு நுரையீரலைப் பிடிக்கும், சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டியாக உட்காரும்.

இந்தக் கிருமியின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், நம்மைக் காப்பாற்ற வேண்டிய வெள்ளையணுவுக்குள்ளேயே குடியேறிவிடும். அப்படி உள்ளே போய்ப் பிழைத்திருப்பவற்றை மட்டும் பிரித்து எண்ணுகிற சோதனை ஒன்று உண்டு. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. கற்றுக்கொண்டு வா என்று என்னைப் பத்து நாள் அனுப்பினார்கள்.

கற்றுத்தரப் போகிறவள் நஸ்ரீன். முப்பது வயதுகூட ஆகாத ஆராய்ச்சி மாணவி. முகவரியில் இருந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தவள், நான் டெம்போவிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். கடல்லயே விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

நான் தங்குவதற்கு அவள் பார்த்துவைத்திருந்தது முத்தியால்பேட்டையில் ஒரு மாடியறை. கீழே வீட்டுக்காரர் ஏழுமலையும் அவர் மனைவி தனலட்சுமியும். ஏழுமலைக்கு ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போய் வந்த மீனைத் தனலட்சுமி சந்தையில் விற்கிறாள். அன்று சாயங்காலம் கொடுவா மீன் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டு மீன் குழம்பில் மூன்று தலைமுறையாக மலாய்க்காரர்களின் எலுமிச்சைப் புல் வாசம் ஏறிவிட்டது. இதில் புளி, மிளகாய், மாங்காய் தவிர வேறொன்றும் இல்லை. நான் மூன்றாவது முறை சோறு வாங்கியபோது ஏழுமலை, "அக்காக்கு ஊரு புடிச்சிப்போச்சி" என்றார்.

மறுநாள் ஆய்வுக்கூடம். நஸ்ரீன் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, கையுறை போட்ட விரல்களை மடக்கிச் சொன்னாள்.

"மூணு வேலதான் அக்கா. மொதல்ல வெள்ளையணுங்களுக்குக் கிருமிய ஊட்டுறோம். ஒரு மணி நேரம். அப்பறம் மருந்து ஊத்தி, வெளிய நிக்கிற கிருமிய மட்டும் கொல்றோம். அந்த மருந்து அவ்ளோ சீக்கிரம் செல்லுக்குள்ள போவாது. கடைசியா செல்ல ஒடச்சி, உள்ள உயிரோட இருந்தத எல்லாம் தட்டுல வளத்து எண்ணுறோம்."

கேட்க எளிதாக இருந்தது. உண்மையான மெலியாய்டோசிஸ் கிருமியைத் தொடுவதற்குத் தனிப் பாதுகாப்பு அறை வேண்டும் என்பதால், பயிற்சிக்கு அதன் நெருங்கிய உறவுக் கிருமி ஒன்றை எடுத்தோம். அது மண்ணில் கிடப்பது. மனிதர்களை அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லுக்குள் போனால் அதே வேலைகளைச் செய்யும். மற்ற கிருமிகளுக்கு எல்லோரும் ஊற்றுகிற மருந்துக்கு இந்தக் குடும்பம் அசைவதில்லை. அதனால் வேறொரு மருந்தை எடுத்துவைத்திருந்தாள்.

முப்பது வருடமாகக் கிருமிகளோடு பழகியிருந்தும், அன்று அவள் சொன்னதில் பாதி எனக்குப் புதிது. வெள்ளையணு ஒரு கிருமியை விழுங்கினால் அதை ஒரு பைக்குள் போட்டு மூடும். பிறகு அந்தப் பைக்குள் அமிலத்தையும் செரிக்கும் சாற்றையும் விட்டுக் கொல்லும். காசநோய்க் கிருமி அந்தப் பைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அமிலம் வந்து சேராமல் பார்த்துக்கொள்கிறது. டைபாய்டு கிருமி பையையே தனக்கு வசதியாக மாற்றி அமைத்துக்கொள்கிறது. எங்கள் ஊர்க் கிருமிக்கு அந்தப் பொறுமை இல்லை. பையைக் கிழித்து வெளியே வந்து, செல்லின் நடுவில் நின்று பெருகுகிறது. செல்லில் இருக்கும் இழைகளையே எடுத்துத் தனக்கு வால் கட்டிக்கொள்கிறது. அந்த வால் தள்ளத் தள்ளப் பக்கத்துச் செல்லுக்குள் போய்விடுகிறது. இரண்டு செல்லுக்கும் நடுவிலுள்ள சுவர் கரைந்து, நான்கு, ஐந்து, பத்து செல்கள் ஒன்றாகி, பெரிய கட்டியாக நிற்கின்றன.

"வெளியவே வர்றதில்ல அக்கா. அதான் ரத்தத்துல ஓடுற மருந்தும் எதிர்ப்புச் சத்தும் அத லேசுல புடிக்க முடியல" என்றாள் நஸ்ரீன்.

மூன்றாம் நாள் காலை இட்லிக்கு வடகறி. தண்ணீர் எடுக்க எழுந்தபோது குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. சர்க்கரை மாத்திரைகளுக்குப் பக்கத்தில் வெள்ளை மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு, பிரிக்காமல். அந்த மாத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"தனம், இது யாருக்கு?"

"அவருக்குத்தான்க்கா. மழ வெள்ளத்துல காலு வெட்டுப்பட்டுச்சி. அதோடயே நின்னு படகத் தூக்குனாரு. பத்து நாள்ல ஜுரம். கல்லீரல்ல சீழுன்னாங்க. மூணு வாரம் ஆஸ்பத்திரில ஊசி. என்னமோ பேரு சொன்னாங்க, மெலி, மெலி..."

"மெலியாய்டோசிஸ்."

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. "உங்களுக்கு எப்பிடி தெரியும்?"

ஊசிக்குப் பிறகு மூன்று மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டால் குமட்டுகிறது, சோறு இறங்கவில்லை, கடலில் தலை சுற்றுகிறது. ஸ்கேனில் கட்டி கரைந்துவிட்டது என்றதும் நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். வாசலில் அவர் பைக்கைத் துடைத்தபடி பாடிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

மீதி இட்லியைத் தட்டிலேயே விட்டேன். ஆய்வுக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அங்கேயும் நல்ல செய்தி இல்லை. முந்தின நாள் நான் செய்த சோதனையின் தட்டுகளில் ஒன்றுமே வளரவில்லை. பளபளவென்று, அப்போதுதான் கழுவியவை போலிருந்தன. நான் பிப்பெட் குழாயால் வேகமாகக் கழுவியதில் செல்களே பெயர்ந்து போய்விட்டன என்றாள் நஸ்ரீன். மிச்சமிருந்த செல் குடுவையைத் தூக்கிப் பார்த்தால், அதில் பஞ்சு போல வெள்ளையாகப் பூஞ்சை. அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். "வேற செல்லு வாங்கணும்" என்றாள்.

நான்காம் நாள் மதியம் ஊரின் மறுபக்கத்தில் இருந்த வேறொரு ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவை செல் கடன் கேட்டு வாங்கினோம். கிருமி ஏறாத சுத்தமான எலி வெள்ளையணுக்கள். உடம்புச் சூட்டிலேயே அவற்றை வைத்திருக்க வேண்டும். குடுவையைத் துண்டில் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ஸ்கூட்டரின் பின்னால் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். தட்டாஞ்சாவடியில், பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில், பின் சக்கரம் இறங்கிவிட்டது.

பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றினார். நான் பெட்டியோடு வெயிலில் நிற்பதா, நிழலில் நிற்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். வெயில் அதிகமானாலும் செல்கள் செத்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன்.

"பொட்டில இன்னாம்மா?" என்றார் கடைக்காரர்.

"செல்" என்றேன்.

"எந்தக் கம்பெனி? இவ்ளோ பத்திரமா எடுத்துட்டுப் போறீங்க!"

நஸ்ரீன் சிரித்துச் சிரித்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் விஷயம் என்னவென்று கேட்க வந்தார். அவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, கடைசியில் ஐந்தாறு பேர் பெட்டியைச் சுற்றி நின்று எங்கள் குடுவையைப் பார்த்தார்கள். ரோஸ் நிறத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒருவர் குடை பிடித்தார். செல்கள் உயிரோடு வந்து சேர்ந்தன.

அன்று சாயங்காலம் ஏழுமலையிடம் பேச்சை எடுத்தேன். எங்கள் ஊரில் இந்த நோயைப் பார்த்திருக்கிறேன், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"டாக்டருங்களும் இதத்தான் சொல்லுவாங்க. நா நல்லாத்தான்க்கா இருக்கேன். மூணு ஆளு இழுக்குற வலய ரெண்டு பேரு இழுக்குறோம். உள்ள நோய் இருந்தா முடியுமா?"

நான் மறுபடி ஆரம்பித்ததும் முகம் மாறியது. "அக்கா, விருந்தாளியா வந்துருக்கீங்க. மீனு சாப்புடுங்க, ஊரப் பாருங்க. எம் மாத்திரய நா பாத்துக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நஸ்ரீன் வீட்டில் மதியச் சாப்பாடு. நெய்ச்சோறும் தால்ச்சாவும். மாமிசத்தைவிடத் தால்ச்சாவில் கிடந்த மாங்காய்த் துண்டுகளுக்குத்தான் எனக்கும் அவள் தம்பிக்கும் போட்டி. அவள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "பூச்சியப் பத்திப் படிக்கவா மலேசியாலேர்ந்து வந்தீங்க? எங்க சமையல்கட்டுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பேனே" என்றார்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். எங்களுக்கு முன்னால் வேட்டி கட்டிய இரண்டு பெரியவர்கள் கையை ஆட்டி ஆட்டிப் பிரெஞ்சில் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், இங்கே அவர்களைச் சொல்தா என்பார்கள் என்றாள் நஸ்ரீன். அவள் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். ஏதோ பெரிய அரசியல் என்று நினைத்து, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் காது கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பூசணிக்காய்க் கூட்டுல வெங்காயம் போடலாமான்னு சண்ட. போடக் கூடாதுங்கறாரு கண்ணாடி போட்டவரு. 'நீ பாரிசுல இருந்தப்பவே உனக்கு நாக்கு செத்துப்போச்சி'ங்கறாரு இன்னொருத்தரு."

சிரித்தேன். ஆனால் நஸ்ரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கீங்க அக்கா. தட்டுல ஒண்ணும் வரலன்னா?"

ஏழுமலையின் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அவர் காய்ச்சலில் கிடந்தது தெரியும், நோயின் பெயர் தெரியாது. சற்று யோசித்துவிட்டு, "அவருக்கே காட்டிடலாமே" என்றாள். மைக்ராஸ்கோப் அறையில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. சாயம் ஏற்றிய பழைய கண்ணாடித் துண்டுகள் மட்டும்தான். அவளுடைய பேராசிரியரிடம் கேட்டால் அனுமதி கிடைக்கும்.

ஆறாம் நாள் ஏழுமலை வந்தார். எனக்கே ஆச்சரியம். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தனலட்சுமியும் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சினிமாவுக்குப் போவது போல வந்து நின்றார்கள்.

நஸ்ரீன் குவியம் சரிசெய்து கொடுத்தாள். ஏழுமலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஊதாவா உருண்ட உருண்டயா இருக்கே, அது இன்னா?"

"அது ஒவ்வொண்ணும் ஒரு செல்லோட கரு அண்ணே. ஒரு செல்லுக்கு ஒண்ணுதான் இருக்கணும். அந்தப் பெருசுல எண்ணுங்க."

"ஆறு... ஏழு... ஒம்போது."

"ஒம்போது செல்லு ஒண்ணா ஒட்டிக்கிச்சி. உள்ள சின்னச் சின்னக் குச்சி தெரியுதா? ரெண்டு முனையும் கறுப்பா, ஊக்கு மாதிரி?"

"எறா குஞ்சு மாரி கெடக்குது" என்றார். "இம்மாம் கெடக்குதே! மருந்து ஊத்தலியா?"

"ஊத்தினோம். வெளிய இருந்ததெல்லாம் செத்துப்போச்சி. இது உள்ள இருக்குறது. உங்களுக்குக் குடுத்த மாத்திர செல்லுக்குள்ள போவும் அண்ணே. ஆனா மெதுவாத்தான் வேல செய்யும். அதான் மூணு மாசம்."

தனலட்சுமி பார்த்தாள். பார்த்த வேகத்தில் கணவரின் வயிற்றைப் பார்த்தாள். அவரோ வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பார்த்ததைத் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் கை விரித்துக் காட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் மேல் அட்டைகள் அப்படியே இருந்தன. விடிவதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்.

"அது மிஷின்ல வளத்தது, எம் ஒடம்புல எடுத்ததா, ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லன்னாங்களேன்னு கேக்கறாருக்கா" என்றாள் தனலட்சுமி. கோபத்தில் அவள் மீன் கழுவிய தண்ணீர் சுவர் வரை தெறித்தது.

அன்று ஏழாம் நாள். செல்களுக்குக் கிருமியை ஊட்டி, மருந்து ஊற்றி, இந்த முறை குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மெதுவாகக் கழுவி, தட்டுகளில் பரப்பி, சூடு மாறாத இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்பினேன். ஏழுமலை வீட்டு வாசலில் படகின் மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, எனக்கு ஒரு தம்பி இருந்தான். சரவணன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்பு, வயல் வரப்பை வெட்டும்போது காலில் அடிபட்டு, இதே நோய் வந்தது. இதே ஊசி, இதே மாத்திரை. இரண்டாவது மாதத்தில் வாந்தி தாங்கவில்லை என்று எனக்குப் போன் செய்தான். நான் வேலையில் இருந்தேன். 'ரெண்டு நாள் விட்டுப் பாரு, வயிறு சரியாகட்டும்' என்று சொன்னேன். மருத்துவரைப் போய்ப் பார் என்று சொல்லவில்லை. அப்புறம் எடுத்துக்கொண்டானா என்று கேட்கவும் இல்லை. அவன் தெம்பாக இருந்தான். லாரி ஓட்டினான். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான். பத்து மாதம் கழித்துக் காய்ச்சல். அவன் ரத்தம் என் மேசைக்குத்தான் வந்தது. தட்டில் காய்ந்து சுருங்கிய தோல் போல ஊதா நிறத்தில் கிருமிக் காலனிகள். எத்தனையோ பேருக்குப் பார்த்திருக்கிறேன், சந்தேகமே இல்லை. சீட்டில் அவன் பெயர். அதற்குப் பிறகு நான்கு நாள்தான் உயிரோடு இருந்தான்.

ஏழுமலை துணியைக் கீழே வைத்தார்.

"நீங்க லேப்ல இருக்கறவங்க. நீங்களே வுடச் சொன்னீங்களா?"

"ஆமா."

"இத யாருகிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். ஒரு பெண் இரண்டு சக்கர வண்டியில் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு கடந்து போனாள். அவள் முனை திரும்பினாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தனம்! அந்த ஆஸ்பத்திரி சீட்ட எங்க வெச்ச?"

மறுநாள் இருவரும் போய் வந்தார்கள். மருத்துவர் நன்றாகத் திட்டியிருக்கிறார். ரத்தம் எடுத்திருக்கிறார். குமட்டலுக்குத் தனி மாத்திரை கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி, மூன்று மாதத்தை முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணச் சொல்லியிருக்கிறார்.

"போட்ட ஒரு மாசமும் சேராதாம்!" என்று ஏழுமலை புலம்பினார். "இன்னாக்கா நாயம் இது? பாதி தூரம் நீந்துனவன மறுபடி கரையிலேர்ந்து நீந்தச் சொல்றாங்க." புலம்பிக்கொண்டே இரண்டு மாத்திரையை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து விழுங்கினார். தனலட்சுமி பக்கத்தில் நின்று, அவர் வாயைத் திறந்து காட்டும்வரை நகரவில்லை.

ஒன்பதாம் நாள் என் தட்டுகளில் காலனிகள் வந்திருந்தன. மருந்து ஊற்றிய இரண்டு மணி நேரத்தில் உடைத்த செல்களிலிருந்து கொஞ்சம், ஆறு மணி நேரத்தில் அதைவிட நிறைய. உள்ளே போன கிருமி ஒளிந்து மட்டும் கிடக்கவில்லை, பெருகியிருக்கிறது. ஒரு மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்து எண்ணினேன். நஸ்ரீன் தனியாக எண்ணினாள். இருவர் கணக்கும் ஒன்றாக வந்தபோது இருவரும் கத்தினோம். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கிருமி வளர்ந்ததற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அன்று மதியம் நீளமான பிரெஞ்சு ரொட்டியை வாங்கி, உள்ளே முட்டைப் பொரியலை அடைத்து, ஆய்வுக்கூடத்தின் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தின்றோம். மேலோடு மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக. எங்கள் ஊரில் இந்த ரொட்டி உறையில் இருக்கும்போதே நமத்துப்போயிருக்கும்.

பத்தாம் நாள் கிளம்ப வேண்டும். தனலட்சுமி ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கட்டிக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்று எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. கடைசியில் கருவாடு நஸ்ரீன் வீட்டுக்குப் போயிற்று. ஏழுமலை, "மூணு மாசம் முடிஞ்சதும் போன் பண்றேன். எடுக்கணும்" என்றார். எடுப்பேன் என்றேன்.

வண்டி வர ஒரு மணி நேரம் இருந்தது. கடற்கரைக்கு நடந்து போய், கருங்கற்களுக்கு எதிரே ஒரு மேடையில் உட்கார்ந்து, புவனாவுக்குப் போன் செய்தேன். புவனா என் தம்பியின் மனைவி. அவன் போன பிறகு வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளியன்று, அவள் வீட்டு வாசல் வரை போய்ப் பலகாரம் கொடுத்துவிட்டு வருவேன். உட்காரமாட்டேன். வேலை இருக்கிறது என்பேன்.

"அண்ணி, இந்தியாவிலேர்ந்தா?" என்றாள். "உடம்பு நல்லா இருக்கா?"

நல்லா இருக்கேன் என்றேன். அப்புறம் நேராகச் சொல்லிவிட்டேன். சரவணனை மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று. இரண்டு நாள் என்று சொன்னேன் என்று.

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அவள் அதை அணைத்தாள்.

"அது எனக்குத் தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"அவரு அன்னைக்கே சொன்னாரு. அக்கா ரெண்டு நாள் விடச் சொல்லிச்சின்னு. மூணாம் நாளு நான் எடுத்துக் குடுத்தேன். வேணாம்னு தள்ளிட்டாரு. நாலாம் நாளும் குடுத்தேன். அதுக்கப்புறம் நானும் குடுக்கல. ஆளு நல்லா இருக்காரே, எதுக்குத் தொல்லை பண்ணணும்னு விட்டுட்டேன்" என்றாள். "நீங்க கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க வாசலோட போயிடுறது என் மேல கோபத்துலன்னு நெனைச்சேன்."

அலை கல்லில் அடித்து, தூவானம் முகத்தில் பட்டது.

"எப்ப வந்து இறங்குறீங்க?" என்றாள் பிறகு.

"நாளைக்குக் காலையில."

"நான் கார் எடுத்துக்கிட்டு வர்றேன். நேரா நம்ம வீட்டுக்கு வாங்க அண்ணி. சமைச்சு வைக்கிறேன்."

வருகிறேன் என்றேன்.